நெஞ்சோடு ஓர் ஆன்டெனா!

(எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், மூன்றாம் ஆண்டு)

சால்டரிங் அயர்ன் பிடித்தே பழகிய கையில் பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? மலர்க்குழு நண்பர்கள் மூன்று முறை ரூமுக்கு வந்து, "எதையாவது எழுதுடா, பக்கம் காலியா கிடக்கு" என்று கேட்டுவிட்டார்கள். கவிதை எனக்கு வராது. காதல் அனுபவமும் கிடையாது (நம்ம டிபார்ட்மெண்டைப் பற்றி உங்களுக்கே தெரியும்!). கைவசம் இருப்பது ஒரு ப்ராஜெக்ட் கதைதான். ரிக்கார்டு நோட்டில் எய்ம், அப்பாரட்டஸ், ப்ரொசீஜர், ரிசல்ட் என்று அழகாக எழுதி சார் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. அதில் எழுத முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஆரணிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தறி. அப்பா தறிக்குழியில் உட்கார்ந்து பட்டு நெய்வார். அம்மா ராட்டையில் தார் சுற்றித் தருவாள். 2024 ஆடி மாதம் ஒரு நாள், சுற்றிக்கொண்டிருந்த அம்மா பேச்சு மூச்சில்லாமல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்ததும் கண் விழித்து, "ஒண்ணும் இல்ல, கண்ணு இருட்டிக்கிச்சு" என்றாள். ஷேர் ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்தால், நார்மல்! அடுத்த மாதம் மறுபடியும் அதே மாதிரி விழுந்தாள். மறுபடியும் நார்மல். மூன்றாவது தடவை ஊரில், "எங்கேயோ பயந்துட்டிருக்கா, மந்திரிச்சு விடுங்க" என்றார்கள். மந்திரித்தும் விட்டோம்.

அந்த ஈ.சி.ஜி. தாளை நான் ஹாஸ்டலுக்கு எடுத்து வந்து அளந்து பார்த்தேன். தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. மொத்தமாக அதில் இருப்பது 10 விநாடி. ஒரு நாளைக்கு எத்தனை விநாடி தெரியுமா? 86,400. திருடன் வந்து போன பிறகு கதவைத் திறந்து பத்து விநாடி எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டில் திருடனே இல்லை" என்று சொன்ன கதைதான்! அம்மா விழும்போது மெஷின் இல்லை. மெஷின் இருக்கும்போது அம்மா நன்றாக இருக்கிறாள்.

இதைப் பற்றி முதலில் யோசித்தவர் அமெரிக்காவில் மான்டனாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர். நடமாடுகிற மனிதனின் ஈ.சி.ஜி.யை ரேடியோ வழியாக அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று 1940களின் பிற்பகுதியில் ஒரு கருவி செய்தார். அதன் எடை 85 பவுண்டு, அதாவது சுமார் 38 கிலோ! அதை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிள் பெடல் மிதித்திருக்கிறார் மனிதர். இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் 24 மணி நேரம் மாட்டி அனுப்புகிற சின்னப் பெட்டிக்கு 'ஹோல்டர் மானிட்டர்' என்ற பெயர் அவரால்தான் வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இல்லை. பெரிய ஊருக்குப் போய் வரிசையில் நின்று எழுதி வாங்க வேண்டும். நார்மல், நார்மல், நார்மல் என்று மூன்று தாளைக் கையில் வைத்திருக்கிறவளுக்கு யார் எழுதித் தருவார்கள்?

ஐந்தாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்டபோது எங்கள் பேட்ச் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். ஒருவன் தண்ணீர் டேங்க் கண்ட்ரோலர் என்றான். அது அவன் அண்ணன் செய்த ப்ராஜெக்ட். ரிப்போர்ட் ரெடியாக இருந்தது! நான் அம்மா விஷயத்தைச் சொன்னேன். 'சால்டர்' என்று நாங்கள் கூப்பிடுகிற இன்னொருவன் மட்டும், "செஞ்சிருவோம் மச்சி" என்றான். கைடு சார் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பேட்டரிலதான் ஓடணும். சார்ஜ் ஏறும்போது உடம்புல இருக்கக் கூடாது. எலக்ட்ரோடு ஒட்டின உடம்புக்கும் கரண்டு லைனுக்கும் நடுவுல ஒரு மலிவு சார்ஜர்தான் இருக்குன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சாமான் பட்டியல் பெரிசில்லை. ஈ.சி.ஜி. சிக்னலைப் பெருக்கித் தர ஏ.டி.8232 என்ற சில்லு போட்ட போர்டு, ப்ளூடூத்துக்கு இ.எஸ்.பி.32, ஒரு மெமரி கார்டு, ஒரு லித்தியம் செல், மூன்று ஒட்டு எலக்ட்ரோடு. பெல்ட்டிலிருந்து தங்கச்சியின் போனுக்கு ப்ளூடூத். போனிலிருந்து மொபைல் டேட்டா வழியாக ஹாஸ்டலில் என் லேப்டாப். லேப் மேஜை மேல் வைத்து ஓட்டியபோது காம்பவுண்ட் தாண்டி கேன்டீன் படி வரைக்கும் சிக்னல் வந்தது. சால்டர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த நாள் நானே பனியனுக்குள் மாட்டிக்கொண்டேன். லேப் வாசலைத் தாண்டவில்லை, சிக்னல் போச்சு. திரும்பி நின்றால் வருகிறது. முதுகைக் காட்டினால் போய்விடுகிறது. சார் சிரித்தார். "உடம்புன்னா என்னடா? உப்புத் தண்ணி நிரப்பின பை. மைக்ரோவேவ் அடுப்பும் உன் ப்ளூடூத்தும் ஒரே 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்யுது. தண்ணி உள்ள பண்டம் அதை உறிஞ்சும்னுதானே அதுல சோறு சூடாகுது?"

அப்போதுதான் புத்தகத்தைத் திறந்தேன். அந்த அலைவரிசையில் தசையின் டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 50க்கும் மேல். காற்றுக்கு 1. மாட்யூலில் இருக்கிற குட்டி ஆன்டெனா காற்றில் நிற்பதாக நினைத்து அளவெடுக்கப்பட்டது. அதை மார்பில் ஒட்டினால் டியூனிங் கலைகிறது. வெளியே போக வேண்டிய பவரில் பெரும்பகுதியை உடம்பே குடித்துவிடுகிறது. ஆக, உடம்புக்கு முதுகைக் காட்டி, வெளிப்பக்கம் மட்டும் பார்க்கிற ஆன்டெனா வேண்டும். பேட்ச் ஆன்டெனா! நாலாவது செமஸ்டரில் ஐந்து மார்க் கேள்வியாக மனப்பாடம் பண்ணியதுதான். மேலே ஒரு உலோகச் சதுரம், நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு தட்டு, கீழே அதைவிடப் பெரிய கிரவுண்டு. அந்தக் கிரவுண்டுதான் உடம்புக்கும் அலைக்கும் நடுவே சுவர்.

நம்ம லேபில் கிடைக்கிற பச்சை போர்டில் செய்தால் பேட்ச் 3 சென்டிமீட்டர் நீளத்துக்குள் அடங்கும். ஆனால் அது மட்டை மாதிரி நெஞ்சில் குத்தும். துணியில் செய்தால் என்ன? என் பழைய ஜீன்ஸ் பேண்ட் தியாகம் ஆனது. ஜீன்ஸ் துணிக்கு டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 1.7 பக்கம். அதனால் பேட்ச் பெரிதாகிறது, 5 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று மடிப்பு ஜீன்ஸ், மேலும் கீழும் செம்பு டேப். ஃபீட் எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டு வாரம் போனது. பேட்சின் ஓரத்தில் இம்பிடன்ஸ் 200 ஓமுக்கு மேல். நட்ட நடுவில் பூஜ்யம். நமக்கு வேண்டிய 50 ஓம் இரண்டுக்கும் இடையில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை இடம் மாற்றி பற்ற வைக்கும்போதும் ஜீன்ஸ் கருகி லேப் முழுக்க இஸ்திரிக் கடை வாசனை!

அளந்து பார்க்க நம்மிடம் நெட்வொர்க் அனலைசர் இல்லை. பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மதியம் வாங்கினோம். திரையில் 2.45 கிகாஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்தபோது அந்தக் கல்லூரிப் பசங்களே கை தட்டினார்கள். மைனஸ் 10 டெசிபலுக்குக் கீழே போனால், கொடுத்த பவரில் நூற்றுக்குத் தொண்ணூறு திரும்பி வராமல் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். நம் சந்தோஷம் ஐந்து நிமிஷம்தான். "வேர்த்தா என்ன ஆகும்?" என்று அங்கிருந்த லேப் அசிஸ்டன்ட் அண்ணன் கேட்டு, உப்புத் தண்ணீரை விரலால் தெளித்தார். பள்ளம் நகர்ந்து 2.4க்குக் கீழே எங்கேயோ ஓடிவிட்டது. தண்ணீருக்கு டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 80க்குப் பக்கம். ஜீன்ஸ் அதைக் குடித்தால் பேட்சுக்கு எல்லாக் கணக்கும் தப்பு. ப்ளூடூத் பேண்டு மொத்தமே 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரைதான். சித்திரை வெயிலில், சமையல்கட்டில், நைலான் சேலையில் இருக்கிற ஒருத்தி உடம்பில் இது எத்தனை நேரம் காய்ந்திருக்கும்? கடைசியில் ரெயின்கோட் துணியில் உறை தைத்து மூடினோம். தைத்தது தங்கச்சி. ரிப்போர்ட்டில் அவள் பெயர் இல்லை, இங்கே சொல்லிவிட்டேன்.

செம்பு டேப்பில் இன்னொரு தொல்லை. அம்மா குனிந்து நிமிரக் குனிந்து நிமிர மடிப்பில் விரிசல் விட்டது. இதை வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தபோது அப்பா தறியிலிருந்தே கேட்டார்: "ஏன்டா, வெள்ளி வேணும்னா சரிகையில இல்லையா?"

நண்பர்களே, சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை! பிறந்ததிலிருந்து அதன் நடுவில்தான் வளர்ந்திருக்கிறேன். அசல் சரிகை என்பது சிவப்புப் பட்டு நூல் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றி, மேலே தங்க முலாம் பூசியது. அப்பா நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று பார்த்தே அசலா போலியா என்று சொல்லிவிடுவார். நான் மல்டிமீட்டரை வைத்தேன். அசல் சரிகை 'பீப்' என்றது. பிளாஸ்டிக் ஜரிகை மௌனம். இரண்டு பேரும் ஒரே விடைக்கு வந்தோம். அவருக்கு பேட்டரி தேவைப்படவில்லை.

2.45 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலில், ஏறத்தாழ 1.3 மைக்ரான் ஆழத்துக்குள்தான் ஓடும். அந்தக் கணக்கில் மெல்லிய வெள்ளித் தகடு ஒன்றும் மோசமில்லை. அப்பா உள்ளங்கை அகலத்துக்கு முழுச் சரிகையாக ஒரு துண்டு நெய்தார். முதல் துண்டு வேலை செய்யவில்லை. ஏன் என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்தேன். சரிகை ஊடையில் மட்டும்தான் ஓடுகிறது. பாவு வெறும் பட்டு. ஊடை வாக்கில் மின்சாரம் தாராளமாகப் போகும். குறுக்கே போக வேண்டுமானால் ஒரு இழை பக்கத்து இழையைத் தொட்டால்தான் உண்டு. பேட்சில் மின்னோட்டம் ஓடுவது நீளவாக்கில். நான் துண்டைக் குறுக்காக ஒட்டியிருந்தேன்! தொண்ணூறு டிகிரி திருப்பி ஒட்டியதும் உயிர் வந்தது. அடுத்ததை அப்பா அச்சில் நெருக்கி அடித்து நெய்து கொடுத்தார். செம்பு டேப் அளவுக்குப் போகவில்லை. இழையைச் சுற்றிச் சுற்றி ஓடுவதால் மின்னோட்டத்துக்கு வழி நீளம், நஷ்டம் அதிகம். ஆனால் எத்தனை மடித்தாலும் விரிசல் இல்லை. பெல்ட் மாட்டிக்கொண்டு அம்மா கூடத்தில் இருக்க, போன் சமையல்கட்டு அலமாரியில் இருக்க, சிக்னல் நின்றது. வீடு அவ்வளவுதானே!

பக்கத்து வீட்டு அத்தை வந்து, "நெஞ்சு மேலயே டவர் வெச்ச மாதிரி இருக்கே, கேன்சர் கீன்சர் வராதா?" என்றார். நியாயமான கேள்வி. நாங்கள் ப்ளூடூத்தை 1 மில்லிவாட்டில் வைத்திருந்தோம். அந்த 1 மில்லிவாட் மொத்தமும் ஒரே ஒரு கிராம் தசையில் இறங்கினால்கூட கிலோவுக்கு 1 வாட்தான் ஆகும். செல்போனுக்கு இந்தியாவில் 2012 முதல் உள்ள வரம்பு, ஒரு கிராம் சராசரியில் கிலோவுக்கு 1.6 வாட். அத்தைக்கு இதை எப்படிச் சொல்வது? "உங்க காதுல வெக்கிற போனைவிட இது கம்மி அத்தை" என்றேன். "அப்ப அந்தப் போனு?" என்றார். காபி வந்துவிட்டது, தப்பித்தேன்.

இப்போது அந்த ராத்திரி. ஐப்பசி மாதம். மணி பதினொன்றே முக்கால். ஹாஸ்டலில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, மறுநாள் யூனிட் டெஸ்டுக்குப் படிப்பதாக பாவனை பண்ணிக்கொண்டிருந்தேன். திரையில் அம்மாவின் இதயம் டொக் டொக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் தலையைக் குனிந்து நிமிர்ந்தேன். நேர்கோடு.

தங்கச்சிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. அப்பாவிடம் போன் கிடையாது. பக்கத்துத் தறிக்காரருக்கு அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பது வார்டன் மெமோவில் தெளிவாக இருக்கிறது: 'இரவு 11.55 மணிக்கு அனுமதியின்றி வாயில் கதவின் மீது ஏறிக் குதித்தது'. சால்டரும் கூடவே குதித்தான். கடைசி பஸ் போய்விட்டது. தக்காளி ஏற்றிய ஒரு வேனை நிறுத்தி ஏறினோம். ஒன்றரை மணி நேரம். திரையில் நேர்கோடு அப்படியே இருந்தது. சால்டர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக் கதவை இடித்தபோது திறந்தது அம்மாதான்.

வேர்வையில் ஒரு எலக்ட்ரோடு பிடுங்கிக்கொண்டு சேலை மடிப்பில் ஒட்டிக் கிடந்தது. அவ்வளவுதான். விஷயம் தெரிந்ததும் அம்மா, "நான் செத்துட்டேன்னு உன் மிஷினு சொல்லிச்சா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், சட்டையெல்லாம் தக்காளிச் சாறு. "இதைச் செஞ்சு முடிச்சுட்டேன்னு சொன்னியே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடி வாங்கியிருக்கலாம் என்று இருந்தது.

ஏனென்றால் தப்பு எங்களுடையது. ஏ.டி.8232 சில்லில் எலக்ட்ரோடு கழன்றால் சொல்வதற்கென்றே இரண்டு பின் இருக்கிறது. டேட்டா ஷீட்டில் படித்தும் இருந்தோம். 'அவுட்புட்தான் வருதே, அது எதுக்கு' என்று இரண்டு ஒயர் இழுக்கச் சோம்பல். எலக்ட்ரோடு கழன்றதும் அவுட்புட் உச்சத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. கோடு எந்த உயரத்தில் இருந்தாலும் திரையின் நடுவுக்குக் கொண்டு வருகிற மாதிரி நானே ப்ரோக்ராம் எழுதியிருந்தேன். படம் அழகாக இருக்கட்டும் என்று! ஆக எலக்ட்ரோடு கழன்றாலும் நேர்கோடு, இதயம் நின்றாலும் நேர்கோடு. ரேடியோ அறுந்தால்? கடைசியாக வந்த மதிப்பையே இழுத்துக்கொண்டு போகும்; அதுவும் நேர்கோடுதான். 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல எங்கள் கருவிக்கு வாயே வைக்கவில்லை நாங்கள்.

அடுத்த வாரம் ஆன்டெனாவைத் தொடவே இல்லை. இரண்டு பச்சை ஒயர் பற்ற வைத்தோம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் போட்டோம். எண் விட்டுப் போனால் ரேடியோதான் காரணம் என்று தெரிந்துவிடும், மெமரி கார்டிலிருந்து திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எலக்ட்ரோடு கழன்றால் கோடே வரையாது. மஞ்சள் நிறத்தில் 'தெரியவில்லை' என்று வரும். முதல் வாரம் பாதி நேரம் மஞ்சள்தான்! அதைப் பார்த்துத்தான் பெல்ட்டின் இறுக்கத்தையும் ஜெல்லையும் சரி செய்தோம்.

2025 தை மாதம், பொங்கல் முடிந்த நாலாம் நாள் மதியம். தலை சுற்றுகிறது என்று அம்மா ராட்டையை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாளாம். விழவில்லை. அன்று இரவு ரிக்கார்டைப் புரட்டும்போது பார்த்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே 3.6 விநாடி வெற்றிடம். மஞ்சள் இல்லை. பாக்கெட் எண் ஒன்றும் விட்டுப் போகவில்லை. எலக்ட்ரோடு ஒட்டித்தான் இருந்தது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த லேப்ல எடுத்தது?" என்றார். சொன்னேன். "தம்பி, இதை வெச்சு நான் எந்த முடிவும் எடுக்க முடியாது" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போனது. பிறகு, எலக்ட்ரோடு கழன்றிருக்காது என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார். பச்சை ஒயர் கதையைச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஹோல்டருக்கு எழுதிக் கொடுத்தார்.

24 மணி நேரத்தில் அது நாலு வெற்றிடங்களைப் பிடித்தது. பெரியது 5 விநாடிக்கு மேல். எங்கள் பிரிண்டில் இரைச்சலோடு இரைச்சலாகக் கலந்து போனது அதில் சுத்தமாகத் தெரிந்தது: வெற்றிடத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள். "பாரு, மேல் அறை ஒழுங்கா கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கு. கீழ் அறைக்குக் காதுல விழல" என்றார் டாக்டர். டிரான்ஸ்மிட்டரும் சரி, ரிசீவரும் சரி. நடுவில் லைன்தான் அறுந்து அறுந்து போகிறது. இதைப் புரிந்துகொள்ள நான் டாக்டருக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

மாசி மாதம் அம்மாவுக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள். தோளெலும்புக்குக் கீழே தோலுக்குள் சின்னதாக ஒரு மேடு. சிலவகை பேஸ்மேக்கர்கள் உள்ளேயிருந்தே வெளியே தகவல் அனுப்புமாம். அதற்கென்று 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரை தனிப் பேண்டே ஒதுக்கியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீர்ப் பைக்கு வெளியே ஒட்ட வைக்கவே நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். உள்ளேயே ஆன்டெனா வைக்கிறவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்களோ! அம்மாவுக்கு வைத்தது அந்த வகை இல்லை. செல்போனை மார்பிலிருந்து அரை அடி தள்ளி வைக்கச் சொன்னார்கள். அப்படியானால் எங்கள் பெல்ட்டும் இனி கூடாது. அம்மாவுக்கு அதில் ஏக சந்தோஷம். "அப்பாடா, அந்த அரிப்பு விட்டுச்சு" என்றாள். ஐந்து மாதமாக அரித்ததை அவள் என்னிடம் ஒரு நாள்கூடச் சொல்லவில்லை.

விவாவில் வந்த எக்ஸ்டர்னல், ஆன்டெனாவின் எஃபிஷியன்சி எவ்வளவு என்று கேட்டார். அளக்க வசதி இல்லை என்று உண்மையைச் சொன்னோம். மார்க் குறைந்தது.

பெல்ட் இப்போது கம்யூனிகேஷன் லேபில் இரண்டாவது அலமாரியில், பழைய சி.ஆர்.ஓ.வுக்குப் பின்னால் இருக்கிறது. வேண்டுமென்கிற ஜூனியர்கள் சாரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். சார்ஜ் ஏறும்போது மாட்டிப் பார்க்காதீர்கள். பச்சை ஒயர் இரண்டையும் பிடுங்காதீர்கள். ஆன்டெனாவுக்கு மட்டும் நீங்களே செம்பு டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சரிகைத் துண்டை நான் பிரித்து வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். அப்பா கேட்டார். அசல் சரிகை அல்லவா!